பழைய ‘லை’யை எங்கே காப்பது: குறியீட்டிலா, எழுத்துருவிலா, படத்திலா?

போன மாதம் பர்மாவின் மோல்மீனில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். அவர் ஊர்க் கோயிலில் பழைய பஜனைப் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. ரங்கூனில் அச்சானது. அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் செல் அரித்திருக்கிறது. மீதியாவது மிஞ்சட்டும் என்று பிள்ளைகள் நாலு பேர் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே வாக்குவாதம். “அண்ணே, புஸ்தகத்தில எல்லா லையும் யானைத் துதிக்கையோட இருக்கு. நாங்க அடிச்சா இப்போ உள்ள லைதான் வருது. இப்படியே விடலாமா, பழைய எழுத்தைக் கொண்டுவந்தே ஆகணுமா?”

இதே கேள்வி வேறு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒருவர் சென்னை வியாசர்பாடியில் இருக்கிறார். 1964க்குப் பிறகு பர்மாவில் இருந்து கப்பலேறிய குடும்பம். பெகுவில் தாத்தா எழுதிய கணக்கு நோட்டு அவரிடம் இருக்கிறது, அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். இன்னொருவர் ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கும் டீச்சர். பழைய எழுத்தையும் புது எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி அவர் பாடம் தயாரிக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தக் கேள்வியோடு பல வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால் வழிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

## எந்த எழுத்துகள், என்ன சிக்கல்

1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை 13 எழுத்துகளின் உருவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பு இணைக்கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டியே ஒரு துதிக்கை மேலே எழுந்து வளையும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழிந்துவிடும். அந்த மூன்றில் இருந்து பிறக்கும் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அதே மாதிரி. மொத்தம் 13. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இந்தப் புது உருவங்களை அச்சில் கொண்டுவந்துவிட்டார். உலக பௌத்த மாநாட்டுக்காக 1954 டிசம்பரில் அவர் ரங்கூன் வந்தபோது அவருடைய எழுத்துக்கு ஏறக்குறைய 20 வயது. ஆனாலும் பெரும்பாலான அச்சகங்களில் துதிக்கைதான் நடந்தது.

பர்மாவில் இருக்கும் எங்களுக்கு இந்த மாற்றம் ஆணையாக வரவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின, 1965இல் தனியார் பள்ளிகளும் போயின. அதற்கு முன்னால் படித்தவர்கள் படித்த எழுத்தோடு நின்றுவிட்டார்கள். என் பெரியப்பா கடைசி வரை கடிதத்தில் துதிக்கை லைதான் போட்டார். ஊரில் இருந்து வந்த காலண்டரில்தான் நான் முதன்முதலில் புது லையைப் பார்த்தேன். அதை அச்சுப்பிழை என்று நினைத்துப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

என் மேசை இழுப்பறையில் ஓர் ஈய எழுத்து இருக்கிறது. மூடிப்போன அச்சகம் ஒன்றின் கேஸில், அதாவது அறை அறையாகப் பிரித்த எழுத்துப் பெட்டியில் இருந்து எடுத்துவைத்தது. விரல் நகத்தைவிடச் சின்னத் துண்டு. அதன் முகத்தில் பழைய லை இடவலம் மாறி நிற்கிறது. அச்சுக்கோப்பவருக்கு அது ஒரே துண்டு, கேஸில் தனி அறை. புது லைக்குக் கொம்பு ஒன்று, ல ஒன்று என்று இரண்டு துண்டு எடுக்க வேண்டும். அவர் கைக்கு அது தனி எழுத்து. படிக்கிறவர் வாய்க்கு ‘லை’ தவிர வேறில்லை. கணினி யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

இப்போதைக்குக் கணினி படிக்கிறவர் பக்கம் நிற்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு, அந்த எண்தான் குறியீடு. அதில் லை என்பது ல ஒன்றும் இணைக்கொம்பு ஒன்றுமாக இரண்டு குறியீடு. சேமிப்பில் ல முதலில், கொம்பு அடுத்து. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து செய்யும் வேலை. எழுத்துரு நினைத்தால் கொம்புக்குப் பதிலாகத் துதிக்கையைக் காட்டலாம். உள்ளே சேமித்தது அப்படியே இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

முதல் அளவுகோல் தேடல். ‘அண்ணாமலை’ என்று தேடினால் புத்தகத்தில் இருக்கும் அத்தனை அண்ணாமலையும் வர வேண்டும். அந்த ஒரு சொல்லிலேயே ணாவும் லையும் உருவம் மாறிய எழுத்துகள், அதனால் சோதனைக்கு அதைத்தான் எடுத்துக்கொள்வேன். இரண்டாவது, நான் அனுப்பியது அடுத்தவர் போனிலும் எழுத்தாகவே திறக்க வேண்டும். மூன்றாவது, நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினாலும் பழைய உருவம் நிலைக்கிறதா என்பது. நான்காவது, உழைப்பு. மோல்மீனில் உட்கார்ந்திருப்பவர்கள் வேலை முடிந்து வந்து அடிக்கிற பிள்ளைகள், மின்சாரம் இருக்கிற நேரத்தில்தான் அடிக்க முடியும். கடைசியாக, இன்னும் 50 வருடம் கழித்து இந்தக் கோப்பை யாராவது படிக்க முடியுமா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கிற கேள்வி ஒன்று உண்டு: உருவம் மாறினால் பொருள் மாறுகிறதா? வியாசர்பாடிக்காரரின் நோட்டே இதற்கு நல்ல பாடம். பழைய கணக்குகளில் ௧ என்றால் ஒன்று. பக்கத்திலேயே க என்ற எழுத்தும் வரும். கையெழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்று எண், மற்றது எழுத்து. அதனால் யூனிகோடில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் 2003இல் சேர்ந்தன. 320இல் ஒரு பங்கான முந்திரி முதலாக மேலும் 51 பின்னங்களும் குறிகளும் 2019இல் வந்தன. இங்கெல்லாம் குறியை மாற்றினால் கணக்கே மாறிப்போகும். லை அப்படியா? துதிக்கையோடு எழுதினாலும் கொம்போடு எழுதினாலும் மாலை மாலைதான்.

ஜெர்மன் மொழியில் இதற்கு நேரெதிரான ஒரு கதை உண்டு. அவர்களுடைய பழைய அச்சில் ‘ஸ்’ எழுத்துக்கு நீண்ட உருவம் ஒன்று, சுருண்ட உருவம் ஒன்று. ஒரு பகுதி தொடங்கும் இடத்தில் நீண்டது, முடியும் இடத்தில் சுருண்டது. ஒரே எழுத்துக்கூட்டில் வரும் ஒரு சொல்லை நீண்ட ஸ் போட்டால் காவலர் அறை என்றும், சுருண்ட ஸ் போட்டால் மெழுகுக் குழாய் என்றும் படிக்க வேண்டும். அங்கே உருவத்துக்குப் பொருள் இருக்கிறது, நீண்ட ஸ்ஸுக்குத் தனிக் குறியீடும் இருக்கிறது. நம்முடைய 13 எழுத்தில் இப்படி ஒரு சொல்லைத் தேடித்தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

## வழி 1: பழைய உருவத்துக்குத் தனிக் குறியீடு

கேட்கும்போது இதுதான் நியாயமாகப் படும். பழைய லைக்கு ஒரு குறியீடு, புதிய லைக்கு ஒரு குறியீடு. எங்கே நகலெடுத்து ஒட்டினாலும் உருவம் கூடவே வரும். மூன்றாவது அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

இந்தப் பாதையில் நடந்தால் எங்கே போய் நிற்போம் என்பதைப் பர்மாவில் இருக்கும் நாங்கள் பார்த்திருக்கிறோம். பர்மிய மொழிக்கான ஜோஜி எழுத்துரு இங்கே ஒவ்வொரு போனிலும் இருந்தது. பர்மிய எழுத்தில் ‘யயிட்’ என்று ஒரு குறி உண்டு, எழுத்தைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். அகலமான எழுத்துக்கு அகலமாகவும், குறுகலான எழுத்துக்குக் குறுகலாகவும், மேலேயோ கீழேயோ வேறு குறி வந்தால் அந்தப் பக்கம் வெட்டியும் எழுத வேண்டும். எல்லாம் ஒரே யயிட்தான். ஜோஜி அதற்கு எட்டுக் குறியீடு ஒதுக்கியது. கீழே வைக்கும் புள்ளிக்கு மூன்று. அச்சுக்கோப்பவரின் கேஸை அப்படியே குறியீட்டுப் பட்டியலாக மாற்றிவிட்டார்கள்.

பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் அகல யயிட் போட்ட இடத்தில் இன்னொருவர் குறுகல் யயிட் போடுவார். கண்ணுக்குச் சொல் ஒன்றே, கணினிக்கு இரண்டு. தேடினால் பாதிதான் கிடைக்கும். இதைவிட மனசு கஷ்டப்படுகிற விஷயம் இன்னொன்று. அத்தனை உருவங்களையும் வைக்க இடம் வேண்டுமே. மோன், ஷான், கரேன் மொழி எழுத்துகளுக்கு என்று யூனிகோடு ஒதுக்கிய இடங்களில் ஜோஜி பர்மிய உருவங்களை உட்காரவைத்தது. ஜோஜி போனில் அந்த மொழிகளை ஒழுங்காகப் படிக்க முடியாமல் போனது. ஒரு மொழியின் அலங்காரத்துக்கு மற்ற மொழிகள் விலை கொடுத்தன. கடைசியில் அரசாங்கமே 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து நாட்டையே யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு என் கடையில் இருந்த பழைய பத்திரிகைக் கோப்புகளின் பர்மியப் பகுதியை ஒவ்வொன்றாக மாற்றி, பிழை பார்த்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

தமிழிலும் ஒரு தடவை இதே வழியில் போய் அடிபட்டேன். 2003 வாக்கில் ஒரு கோயில் மலரை, யூனிகோடு இல்லாத பழைய எட்டு பிட் எழுத்துரு ஒன்றில் அடித்தேன். பழைய லை, பழைய ணை எல்லாவற்றுக்கும் அதில் தனி இடம் இருந்தது, அதற்காகவே காசு கொடுத்து வாங்கினேன். மலர் நன்றாக வந்தது. பத்து வருடம் கழித்து மறுபதிப்பு கேட்டார்கள். சிடியைத் திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக நின்றது. அந்த எழுத்துரு புதுக் கணினியில் ஏறவில்லை, விற்றவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். அச்சுப் பிரதியைப் பார்த்து 84 பக்கத்தையும் திரும்ப அடித்தோம்.

இந்த வழிக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதமும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பர்மிய யூனிகோடிலேயே ‘ஆ’ ஒலிக்கு இரண்டு கால் உண்டு. நம் துணைக்கால் மாதிரிதான். ஒன்று குட்டை, ஒன்று உயரம். சில எழுத்துகளுக்குப் பின்னால் மட்டும் உயரக் கால் வரும், மற்ற இடங்களில் குட்டைக் கால். ஒலி ஒன்றே. முதலில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான் இருந்தது, 2008இல் உயரக் காலுக்குத் தனிக் குறியீடு கொடுத்தார்கள். ஸ்கா கரேன் மொழியில் எல்லா எழுத்துக்கும் உயரக் கால்தான், பர்மிய மொழியில் அப்படி இல்லை. பக்கத்து எழுத்தை மட்டும் பார்த்து எந்தக் காலைப் போடுவது என்று எழுத்துருவால் முடிவு செய்ய முடியாது. எனவே அந்தப் பிரிவுக்குக் காரணம் இருந்தது. தமிழில் அந்தக் காரணம் இல்லை. ஒரு புத்தகம் பழைய எழுத்தில் இருந்தால் முதல் பக்கம் முதல் கடைசி வரை பழைய எழுத்துதான், ஒரு கட்டளையில் எழுத்துரு அதைச் செய்துவிடும். யூனிகோடும் இந்த உருவங்களை எழுத்துருவின் பொறுப்பாகத்தான் வைத்திருக்கிறது.

யூனிகோடு தராவிட்டால் நாமே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். சொந்தப் பயன்பாட்டுப் பகுதி என்று 6,400 இடங்கள் இருக்கின்றன, உண்மைதான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 குறியீடும் அந்தப் பகுதியில்தான் இயங்குகிறது. ஆனால் அங்கே வைத்த எழுத்து அடுத்தவர் போனில் வெறும் கட்டமாகத் தெரியும். பஜனைப் புத்தகத்துக்கு இது ஆகாது.

சரி, இந்த வழி எங்கேதான் நல்லது? அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்துத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளைப் பழக்குகிறீர்கள் என்றால் நல்லது. பழைய லையையும் புது லையையும் இரண்டு உருவமாக அதற்குக் கற்றுக்கொடுத்து, கடைசியில் இரண்டையும் ஒரே லையாக மாற்றி வெளியே விடலாம். பட்டறைக்குள் இருக்கட்டும், கடைக்கு வரக் கூடாது.

## வழி 2: ஒரே குறியீடு, உருவம் எழுத்துருவின் வேலை

தட்டச்சு செய்பவர் எப்போதும் போல லை என்று அடிக்கிறார். துதிக்கை காட்டும் எழுத்துருவைப் போட்டால் பழைய உருவம், வேறு எழுத்துருவுக்கு மாறினால் புது உருவம். தேடல் கெடாது, கூடுதல் உழைப்பு இல்லை, எந்தப் போனிலும் திறக்கும். மலையாளத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1971இல் கேரளமும் தட்டச்சுக்காக எழுத்தைச் சீர்திருத்தியது, கூட்டெழுத்துகள் உடைந்தன. பிறகு ‘ரசனா’ போன்ற எழுத்துருக்கள் பழைய லிபியைத் திரும்பக் கொண்டுவந்தன. புது லிபியில் அடித்த அதே உரையை எழுத்துருவை மாற்றிப் பழைய லிபியில் படிக்கலாம்.

குறை எங்கே என்றால், உருவம் உரையோடு பயணம் செய்யாது. ‘அண்ணாமலைக்கு அரோகரா’ என்ற வரியைப் பழைய எழுத்துருவில் அடித்து வாட்ஸ்அப்பில் எங்கள் தெருவில் ஐந்து போனுக்கு அனுப்பினேன். ஐந்திலும் எழுத்து சுத்தமாக வந்தது. ஐந்திலும் புது லை. எதிர்வீட்டுப் பாட்டிக்குத் துதிக்கை லை காட்டலாம் என்று ஆசையாகப் போனேன், முடியவில்லை. அதையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பியபோது துதிக்கை வந்தது, ஏனென்றால் பிடிஎஃப் எழுத்துருவையும் உள்ளே சுமந்துகொண்டு போகும். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுதான் எங்க ஸ்கூல் எழுத்து” என்று மூன்று வரி சத்தமாகப் படித்தார்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, சில எழுத்துருக்களில் லையும் ணையும் மட்டும் பழையதாக வரும், ணோவும் றொவும் புதிதாகவே நிற்கும். ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்தால் அசிங்கமாக இருக்கும். வாங்குவதற்கு முன் இந்த வரியை அடித்துப் பாருங்கள்: ணை லை ளை னை ணா றா னா ணொ ணோ றொ றோ னொ னோ. பதின்மூன்றும் மாறினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, உரிமம். பிடிஎஃபில் சேர்க்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, தமிழ் பிடிஎஃபில் இருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்புவது அடிக்கடி நடக்கும். அதனால் பிடிஎஃப் மட்டும் வைத்துக்கொண்டு மூல உரைக்கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. உருவத்தை உரையில் இருந்து பிரிப்பது நம் மரபுக்குப் புதிதில்லை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது வழக்கமில்லை. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் புள்ளியும் கொம்பும் காலும் போட்டுத்தான் கொடுத்தார்கள். சங்கப் பாட்டு நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஏட்டின் உருவத்தைப் பார்க்க வேண்டியவர் ஏட்டைப் பார்க்கிறார்.

## வழி 3: எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத குறி

இதை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு எழுத்துக்குப் பின்னால், ‘இந்த எழுத்தின் மாற்று உருவத்தைக் காட்டு’ என்று சொல்லும் மறைகுறி ஒன்றைச் சேர்ப்பது இந்த முறை. பர்மாவுக்கு இதிலும் அனுபவம் உண்டு. காம்தி ஷான் எழுத்துகளில் புள்ளி வைத்த உருவங்கள் வேண்டும் என்றபோது, தனி எழுத்துகளாக்காமல் இந்த மறைகுறி வழியாகத்தான் கொடுத்தார்கள். தெரிந்த மென்பொருள் புள்ளி உருவத்தைக் காட்டும், தெரியாதது சாதாரண உருவத்தைக் காட்டும். எழுத்து உடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எந்த எழுத்துக்கு எந்த மாற்று உருவம் என்பதை யூனிகோடு பதிவு செய்திருக்க வேண்டும், நாமாக வைத்துக்கொள்ள முடியாது. தமிழுக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. மறைகுறியைக் கண்டுகொள்ளாமல் தாண்டத் தெரியாத தேடுபொறியில் தேடலும் தவறும். கண்ணுக்குத் தெரியாத குறியைப் பிழை திருத்துவதும் சிரமம். நாளைக்குத் தமிழுக்கும் பதிவானால், இரண்டு உருவமும் கலந்து வரும் ஆவணங்களுக்கு இதுவே பொருத்தமான வழியாக இருக்கும். இன்றைக்கு உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது உதவாது.

## வழி 4: படம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம், நடுவில் குறிப்பு

பக்கத்தைத் தெளிவாகப் படம் பிடித்து வைப்பது, உரையை யூனிகோடில் அடிப்பது, மூலத்தில் எந்த எழுத்து எந்த உருவத்தில் இருந்தது என்று குறிப்பு எழுதுவது. ஆராய்ச்சிப் பதிப்பு என்றால், உரைக்குள்ளேயே குறிப்பு செருகும் எக்ஸ்எம்எல் குறிச்சொற்களால் சொல்லுக்குச் சொல்கூடப் பதியலாம்.

உருவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. லையின் துதிக்கை மட்டும் இல்லை, அந்த அச்சகத்தின் தேய்ந்த ஈய எழுத்து, கோணலாக நின்ற வரி, ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய ராகம், எண்ணெய்க் கறை எல்லாம் படத்தில் வரும். எந்தக் குறியீடும் இவற்றைத் தராது. வயதைக் கணிக்கவும் இது உதவும். ஒரு புத்தகம் முழுக்கப் பழைய எழுத்தில் இருந்தால், 1978க்கு முந்தையதாக இருக்கலாம் என்று ஒரு தொடக்கம் கிடைக்கும். அதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. எங்களைப் போல வெளியூரில் இருந்தவர்கள் பிறகும் பல காலம் பழைய எழுத்தைத்தான் எழுதினோம்.

செலவு என்றால் இடமும் நேரமும்தான். படங்கள் போனை நிரப்பிவிடும், இங்கே இன்டர்நெட்டில் ஏற்றக் காசும் ஆகும். சொல்லுக்குச் சொல் குறிச்சொல் போட ஆரம்பித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போய்விடும், பிள்ளைகள் மூன்றாம் வாரம் வரமாட்டார்கள். படம் எல்லோரும் எடுங்கள். குறிச்சொல், அதற்கென்று நேரமும் ஆளும் இருப்பவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனிக் குறியீடு | எழுத்துரு | மறைகுறி | படம் + உரை |
|---|---|---|---|---|
| தேடல் | பாதி தவறும் | முழுதும் கிடைக்கும் | மென்பொருளைப் பொறுத்தது | உரையில் கிடைக்கும் |
| அடுத்தவர் போன் | கட்டம் வரும் | திறக்கும், புது உருவத்தில் | திறக்கும் | திறக்கும், கனமான கோப்பு |
| உருவம் நிலைப்பது | எழுத்துரு இருக்கும் வரை | அச்சிலும் பிடிஎஃபிலும் மட்டும் | நிலைக்கும், பதிவானால் | படத்தில் அப்படியே |
| உழைப்பு | அதிகம் | மிகக் குறைவு | அதிகம் | படத்துக்குக் குறைவு, குறிச்சொல்லுக்கு மிக அதிகம் |
| 50 வருடம் கழித்து | பயம் | உரை நிற்கும் | இப்போது சொல்ல முடியாது | இரண்டு பிரதி வைத்தால் நிற்கும் |

## யாருக்கு எது

கணக்கு நோட்டு வைத்திருப்பவருக்கு: எழுத்தின் உருவத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள், குறிகளில் கவனம் வையுங்கள். ௶ எங்கே, ௷ எங்கே, ௧ எங்கே, க எங்கே என்று சரியான குறியீட்டில் அடியுங்கள். அவசரத்தில் ௧க்குப் பதிலாக க அடித்துவிட்டால் பிறகு கூட்டிப் பார்க்க முடியாது. 2019இல் வந்த பின்னக் குறிகளைப் பல போன்கள் இன்னும் காட்டாது. அதனால் பக்கத்தில் சொல்லாலும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் படம் கட்டாயம். தாத்தாவின் கையெழுத்து எந்த எழுத்துருவிலும் கிடைக்காது.

டீச்சருக்கு: உங்கள் பாடத்துக்கு மட்டும்தான் இரண்டு உருவமும் ஒரே வரியில் வேண்டும். இரண்டு எழுத்துருக்களை வைத்துப் பாடத்தை அமைத்து, பிடிஎஃப் ஆக்கி, அச்சடித்துக் கொடுங்கள். போனில் அனுப்புவதானால் அந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் சின்னச் சின்னப் படங்களாகச் செருகிவிடுங்கள். வெறும் செய்தியாக அனுப்பினால் ‘பழைய லை = புதிய லை’ என்ற வரியில் இரண்டு பக்கமும் ஒரே லை நிற்கும், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

மோல்மீன் தம்பிக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன்: இப்போது அடிக்கிறபடியே அடியுங்கள், பாட்டு முழுதும் யூனிகோடில் இருக்கட்டும். செல் அரித்த பக்கம் என்பதால் படத்தை மட்டும் தட்டச்சுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள், புரட்டப் புரட்ட உதிரும். அச்சுக்குப் போகும்போது பழைய எழுத்துருவைப் போட்டு இருபது பிரதி பெரியவர்களுக்கு, மற்றதைப் புது எழுத்தில் பிள்ளைகளுக்கு. ஒரே கோப்புதான், இரண்டு முறை அச்சு. இரண்டாம் பக்கத்தில் போட ஒரு குறிப்பு கேட்டார், இப்படி எழுதிக் கொடுத்தேன்: “மூல நூலில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளும் பழைய உருவத்தில் உள்ளன. மூலப் பக்கங்களின் படங்கள் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம்.” நேற்று முதல் எட்டுப் பக்கங்களின் படம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ‘மாலை’ என்ற சொல்லின் லை மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது.